சிவப்புக் கண் கப்பி

ஜூன் 9, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும். மூன்றாவது தொட்டியில் ஒரு சிவப்புக் கண் மீன்!

கண்டுபிடித்தது நான் இல்லை, என் பெண் சஞ்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அவளை மொட்டை மாடிக்கு விடுவேன். வந்ததும் வழக்கம்போலக் கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இதுக்கு மட்டும் கண்ணு ரோஜாப்பூ கலர்ல இருக்கும்மா" என்றாள்.

"போடி, வெளிச்சம் பட்டிருக்கும்."

"இல்லம்மா. வந்து பாரு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். நிஜம்! உடம்பெல்லாம் மற்ற கப்பி மாதிரி சிவப்பு. கண் மட்டும் கறுப்பு இல்லாமல் மாதுளை முத்து போல. இரண்டு மாதத்து ஆண் மீன். பன்னிரண்டு வருடமாக இந்த மாடியில் கப்பி வளர்க்கிறேன். கொளத்தூரில் பாதித் தெரு மீன் வளர்க்கிறது, ஆனால் எங்கள் தெருவில் இப்படி ஒன்று பிறந்ததாக நான் கேட்டதில்லை.

மீன்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. சிவப்புக் கண் என்றே எழுதுகிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

சிவப்புக் கண்ணனைத் தனித் தொட்டியில் விட்டு, ஆணே பார்க்காத மூன்று பெண் கப்பிகளைச் சேர்த்துவிட்டேன். பெண் கப்பியை மூன்று வாரத்திலேயே பிரிக்காவிட்டால் போச்சு, ஒரு தடவை சேர்ந்தாலே மாதக்கணக்கில் குட்டி போடும். யாருடைய குட்டி என்று அதற்கே தெரியாது.

அவனுக்கு வெளிச்சம் ஆகவில்லை. தீனி போட்டால் மற்றவை தின்று முடித்தபிறகுதான் தேடி வருகிறான். தொட்டிக்கு மேல் பச்சை வலை கட்டினேன். தீனியை அவன் மூக்குக்கு நேராகப் போட வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

கீழ்வீட்டில் பஞ்சாயத்து. கீழே என் வீட்டுக்காரரின் அக்கா, கஸ்தூரி அண்ணி குடும்பம். மேலே நாங்கள். அண்ணியின் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள். தை பிறந்ததும் பெண் வீட்டார் இங்கே வருவார்களாம்.

"அதுக்குள்ள மாடில ஒரு ரூம் போட்டுடலாம் தனசேகரா. அந்தத் தொட்டிங்களை எடுத்துட்டா இடம் தாராளமா இருக்கு. சஞ்சுவுக்கும் வசதி. ஜன்னல் சின்னதா வச்சா வெயில் படாது. யாராவது வந்தா போனா அவ பாட்டுக்கு இருந்துக்கலாம்" என்றார் அண்ணி.

குழந்தையின் வசதிக்காகத்தான் சொல்கிறார். அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எடுத்துக்கொள்ளவில்லை. "என் தொட்டில ஒண்ணை எவனாவது தொடட்டும், பாத்துக்கிறேன்" என்று கத்திவிட்டேன். இவர் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார். கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னார். பொங்கலுக்குள் இருபது சிவப்புக் கண் மீன் காட்டினால் தொட்டி நிற்கும். இல்லாவிட்டால் ரூம்.

"ஒண்ணு வந்தா அது அதிசயம், இருபது வந்தாத்தான் அது ரகம். ஜமால் பாயே சொல்வாரு" என்றார். ஜமால் பாய்தான் எங்கள் மீனை வாங்கும் வியாபாரி.

இருபதுதானே? ஒரு பிரசவத்துக்கு இருபது போடும் என் மீன். சரி என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

பிறந்தாச்சு! காலை ஐந்தரைக்கு முதல் தாய், பத்து மணிக்கு இரண்டாவது, மத்தியானம் மூன்றாவது. குட்டியைத் தாயே தின்றுவிடும் என்பதால் பாசியை அடர்த்தியாகப் போட்டு வைத்திருந்தேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது, நான் தொட்டியைவிட்டு நகரவில்லை. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

மொத்தம் 65.

சாயங்காலம் சஞ்சு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு மணி நேரம் பார்த்தாள்.

அத்தனையும் கறுப்புக் கண்.

ஜூலை 13, சனி

நாள் ஆனால் கண் மாறும். சின்னக் குட்டிதானே.

ஜூலை 28, ஞாயிறு

மாறவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மாறவில்லை. குட்டிகள் சிவப்பு ஏறி ஜோராக இருக்கின்றன. கண் மட்டும் கரிக்கட்டை.

அண்ணி துணி காயப்போட வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பன் குணம் ஒண்ணுத்துக்கும் வரல பாரு. தாய்ங்க நல்ல ஜாதி, அதான்" என்றார். மீனைத்தான் சொன்னார்.

சஞ்சு பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலும் அண்ணி ஜாதி பற்றித்தான் பேசினார். குழந்தையின் முடி வெள்ளைப் பட்டு நூல் போல இருந்தது, உடம்பு பாலாடை. டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மீன்காரர்கள் சொல்லும் அதே பெயர்தான். "எங்க தாய்மாமன் ரத்தம் சுத்தம். இது பரிமளாவோட அம்மா வழி, வெளியில இருந்து வந்தவ கொண்டாந்தது" என்று வார்டில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவருடைய தாய்மாமன்தான் என் அப்பா. நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். அதனால் என் அப்பா வழியைக் குறை சொல்ல முடியாது, மிச்சம் இருந்தது என் அம்மா. அன்றைக்குப் போன அம்மா இன்றுவரை இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. பேத்தியைப் பள்ளிக்கூட கேட்டில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

இதை எதற்கு இப்போது எழுதினேன்? மீன் கதை எழுத உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

சிவப்புக் கண்ணன் செத்துப்போனான். காலையில் மேலே மிதந்தான். சஞ்சு பள்ளிக்கூடம் போகும்வரை சொல்லவில்லை. துளசித் தொட்டியில் புதைத்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆத்திரம் தாங்கவில்லை. அந்தத் தொட்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. குட்டிகள், தாய்கள், எல்லாவற்றையும் வாரிப் பையில் கட்டி ஜமால் பாய்க்கு அனுப்பிவிட்டேன். சாதா ரெட் கப்பி, சாதா விலை. 58 குட்டி, மூன்று தாய். பாசிக்குள் ஒளிந்த நோஞ்சான் ஏழு மட்டும் வலையில் சிக்கவில்லை. தொலையட்டும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஐயோ ஐயோ ஐயோ!

காவ்யா மாலை ட்யூஷன் முடிந்து வந்தாள். அண்ணியின் பெண், பன்னிரண்டாம் வகுப்பு. தோசை சாப்பிட்டுக்கொண்டே, "அத்தை, அந்த அறுபது மீன் எங்க?" என்றாள். கொடுத்துவிட்டேன் என்றதும் கையிலிருந்த தோசையைத் தட்டில் போட்டாள்.

"என்ன அத்தை நீங்க! அது எல்லாத்துக்குள்ளயும் சிவப்புக் கண்ணு இருக்கு!"

"உள்ள இருந்தா வெளிய தெரியாதா? அறுபத்தஞ்சையும் டார்ச் அடிச்சுப் பாத்தேன்டி."

"தெரியாது. அதுதான் பாடமே!"

புத்தகத்தை எடுத்து ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று ஆரம்பித்தாள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று போட்டாள். எனக்கு ஏறவில்லை. என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டி ஒட்டிச் சொல்லு என்றேன்.

அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு பொட்டு. ஒன்று அம்மா தருவது, ஒன்று அப்பா தருவது. இரண்டில் ஒன்று கறுப்பாக இருந்தாலே போதும், கண் கறுப்பாகிவிடும். சிவப்புப் பொட்டு வாயை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். இரண்டும் சிவப்பாக இருந்தால்தான் கண் சிவக்கும். என் சிவப்புக் கண்ணனிடம் இருந்தது இரண்டு சிவப்பு. அவன் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு சிவப்பைக் கொடுத்திருக்கிறான். தாய்கள் கறுப்பைக் கொடுத்திருக்கின்றன. அறுபத்தைந்தும் ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு.

"இப்ப அந்தக் குட்டிங்களையே ஒண்ணுக்கொண்ணு சேர்த்தா?" என்றேன்.

காவ்யா நாலு கட்டம் போட்டாள். கறுப்பு கறுப்பு ஒன்று. கறுப்பு சிவப்பு இரண்டு. கடைசிக் கட்டத்தில் சிவப்பு, சிவப்பு.

"நாலுல ஒண்ணு, அத்தை!"

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்திவிட்டேன். கீழிருந்து அண்ணி என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தார்.

பிறகு நான் கேட்டேன். "கறுப்புக் கண்ணு அப்பா, கறுப்புக் கண்ணு அம்மா. குட்டி சிவப்பு. அப்படின்னா ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வந்திருக்குமா?"

"சான்ஸே இல்ல. ரெண்டு பக்கமும் குடுத்தாத்தான் வரும்" என்றாள் காவ்யா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சஞ்சுவைப் பார்த்தாள். தோசையைப் பிய்த்தாள், சாப்பிடவில்லை.

நான் ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சந்தைக்கு ஓடினேன். ஜமால் பாய் தொட்டியில் முந்நூறு ரெட் கப்பி நீந்துகிறது.

"பாய், போன வாரம் நான் குடுத்தது எது?"

"ரெட் கப்பிக்குப் பேரா எழுதி ஒட்டுவாங்க? எல்லாம் ஒண்ணுதான்மா. பாதி பெங்களூர் போயிடுச்சு."

தொட்டி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் கறுப்புக் கண். நான் பெற்று வளர்த்ததை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வீட்டில் இருப்பது அந்த ஏழு நோஞ்சான்கள். ஐந்து பெண், இரண்டு ஆண். இனி அவைதான் எனக்குத் தெய்வம்.

அக்டோபர் 6, ஞாயிறு

நோஞ்சான்கள் தேறிவிட்டன. தினம் நான்கு வேளைத் தீனி. நான் கூட அப்படிச் சாப்பிட்டதில்லை.

மீன்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. உள்ளே ஒளிந்த நிறம் வெளியே வர வேண்டுமென்றால் ஒரே வீட்டு மீன்களைச் சேர்க்க வேண்டும். வெளி மீனைச் சேர்த்தால் கறுப்புப் பொட்டு வந்து மூடிவிடும். ஒரே அப்பன் கொடுத்த சிவப்பு இரண்டு பக்கமும் இருந்தால்தான் ஒரு நாள் சந்திக்கும்.

என் அப்பாவும் இவர் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள்.

இந்த வரியை எழுதி அடித்துவிட்டேன். மறுபடியும் எழுதுகிறேன். என் அப்பாவும் இவர் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள்.

நவம்பர் 8, வெள்ளி

முதல் பிரசவம். ஒன்பது குட்டி. டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஒன்பதும் கறுப்புக் கண்.

காவ்யாவிடம் சண்டைக்குப் போனேன். "நாலுல ஒண்ணுன்னியேடி! கணக்குப்படி ரெண்டாவது வந்திருக்கணும்ல?"

"அத்தை, ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியா சீட்டுக் குலுக்குற மாதிரி. ஒன்பது தடவையும் கறுப்பு விழலாம். இன்னும் நாலு தாய் இருக்கு, பொறுங்க."

அண்ணி மேஸ்திரியைக் கூட்டிவந்து மாடியை அளந்துவிட்டுப் போனார். டேப்பின் ஒரு முனையை என் மூன்றாவது தொட்டியின் விளிம்பில் மாட்டினார் அந்த ஆள். கடித்துத் துப்பியிருப்பேன்.

நவம்பர் 12, செவ்வாய்

வந்தாச்சு! வந்தாச்சு! வந்தாச்சு!

இரண்டாவது தாய், இருபத்தேழு குட்டி. சஞ்சு மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... அம்மா, மூணு! அங்க பாரு, பாசிக்குக் கீழ நாலு!" எட்டு! எட்டு சிவப்புக் கண்! கடுகு அளவு குட்டியில் ஊசி முனை அளவு சிவப்பு. அவளைத் தூக்கிச் சுற்றினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, பரவாயில்லை. காவ்யாவுக்குப் போன் போட்டு அழுதுவிட்டேன்.

இவர் வேலையிலிருந்து வந்ததும் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப்போனேன். லிப்ட் கம்பெனி சட்டையைக்கூட மாற்ற விடவில்லை. அவரே எண்ணினார், இரண்டு முறை.

"இதோட அப்பா அம்மா எது?"

காட்டினேன்.

"ரெண்டும் கறுப்புக் கண்ணா இருக்கே."

"ஆமா மாமா."

"அப்போ ரெண்டு பக்கமும் இருந்திருக்கா?"

"ஆமா மாமா. ஒரு பக்கம் மட்டும் இருந்தா வராது."

இவர் கீழே வந்து பிரிட்ஜ் கதவு முன்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். பொட்டுக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், பசிக்கவில்லை என்றார்.

நவம்பர் 30, சனி

மழை, மழை, மழை. தொட்டிக்கெல்லாம் தார்ப்பாய் கட்டினோம். இவர் நனைந்துகொண்டே கயிறு இழுத்தார். யாரும் கேட்காமல், தானாக.

டிசம்பர் 15, ஞாயிறு

மற்ற மூன்று தாயும் போட்டுவிட்டன. இன்றைய கணக்கு, சிவப்புக் கண் 23. வெளிச்சத்தில் தடுமாறுகின்றன, ஆனால் நிழலும் பக்கத்தில் தீனியும் கிடைத்தால் ஒன்றுக்கும் குறைவில்லை. சஞ்சு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். அதில் ஒன்றின் பெயர் சஞ்சு.

ஜனவரி 12, ஞாயிறு

ஜமால் பாய் வந்தார். குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "வெளியூர்ல இருந்து வர்ற இந்த ரகம் நம்ம தண்ணியில ஒரு மாசம் நிக்காதும்மா. இது இங்கயே பொறந்தது. மொத்தத்தையும் எடுத்துக்கறேன்" என்றார்.

தர மாட்டேன் என்றேன். பதினொன்று தருகிறேன், பன்னிரண்டு என்னிடம் இருக்கும். இரண்டு சிவப்புக் கண்ணைச் சேர்த்தால் இனி பிறப்பது எல்லாம் சிவப்புக் கண்தான். நான் கட்டம் போட்டு விளக்கியதைப் பாய் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"தொட்டி நிக்கும்" என்றார் இவர். ஜெயிச்சாச்சு!

ஜனவரி 13, திங்கள், போகி

ஜெயித்தது ஒரு நாள்கூட நிற்கவில்லை. காலையில் அண்ணி மேலே வந்தார்.

"சரி, ரூம் வேணாம். ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. அன்னிக்கு மட்டும் சஞ்சுவை உங்க அம்மா வீட்டுல விட்டுடு பரிமளா. ஒரு நாள்தானே? அவங்க பாட்டுக்கு நம்ம வம்சத்துல இப்படி இருக்குன்னு நினைச்சுக்கிட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலே பேசினார்.

"நம்ம வம்சத்துலதான்க்கா இருக்கு."

"என்னடா சொல்ற?"

"செய்யாத்துல தாத்தா வீட்டுப் பின்கட்டு ரூம்ல சின்னத் தாத்தா இருந்தாரே. தாத்தாவோட தம்பி. பால் மாதிரி இருப்பாரு. லீவுக்குப் போனா நீ ஒரு வேளை, நான் ஒரு வேளை, அவருக்குச் சோத்துத் தட்டு எடுத்துட்டுப் போவோமே. விசேஷம்னா வெளியில தாழ்ப்பாள் போட்டுடுவாங்களே. மறந்துட்டியா?"

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "எனக்குக் கட்டிக்குடுக்க ரெண்டு பசங்க இருக்குடா" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. அவ்வளவுதான் சொன்னார். முதல் முறையாக அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது.

இவர்மேல் இல்லை. அந்தத் தாத்தா எனக்கும் தாத்தாதான், என் அப்பாவைப் பெற்றவர். ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே அந்தச் சின்னத் தாத்தா போய்விட்டாராம், என் அப்பாவும் மூச்சு விடவில்லை. ஆனால் இவருக்குத் தெரியும். ஒன்பது வருடம் தெரிந்திருக்கிறது. என் அம்மா பள்ளிக்கூட கேட்டில் நின்ற ஒன்பது வருடமும் தெரிந்திருக்கிறது. கையில் இருந்த கரண்டியைச் சுவரில் எறிந்தேன். அண்ணி எழுந்து போய்விட்டார்.

"உன் மேலதான் தப்புன்னு நான் ஒரு நாளும் சொல்லலையே" என்றார் இவர்.

"இல்லைன்னும் சொல்லலையே மாமா!"

பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது பின்சீட்டில் என் அம்மா. படியேறி, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்தார். நான் இன்னும் இவரோடு பேசவில்லை. ஆனால் சாதம் போட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பெண் வீட்டார் வந்துவிட்டுப் போனார்கள். திருத்தணிக்காரர்கள், ஐந்து பேர். சஞ்சு புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முறுக்குத் தட்டுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். யாரும் எழுப்பவில்லை. அண்ணி கேசரி பரிமாறினார். என் அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தார்.

பெண்ணின் அம்மா வாயாடி, நல்ல மனுஷி. கேசரியை ருசித்துக்கொண்டே சஞ்சுவைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊரில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பாப்பா யாரு சாடை?"

சஞ்சு பிறந்து ஒன்பது வருடத்தில் அவளைப் பார்த்து இதை ஒருவரும் கேட்டதில்லை. பார்ப்பார்கள், விழுங்கிக்கொள்வார்கள். அண்ணியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"எங்க சின்னத் தாத்தா சாடைங்க. மாணிக்கம்னு பேரு. அப்படியே அவரை உரிச்சு வச்சிருக்கா" என்றார் இவர். நன்றாகக் கேட்கும்படி, சத்தமாக.

"அப்படியா! தாத்தாவைக் கொண்டு பொறந்தவளா?" என்று அந்த அம்மா சஞ்சுவின் கன்னத்தைக் கிள்ளினார். அவ்வளவுதான். அடுத்து முறுக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

சஞ்சுதான் விடவில்லை. எழுந்து வந்து அப்பாவின் முகத்துக்கு மிகப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுபோனாள். அவளுக்கு அப்படிப் பார்த்தால்தான் தெரியும்.

"என்னை மாதிரியே ஒரு தாத்தாவாப்பா? எனக்குச் சொல்லவே இல்ல! அவருக்கும் மீன் பிடிக்குமா?"

இவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தெரியலையேம்மா" என்றார். "அவருக்கு என்ன பிடிக்கும்னு யாரும் கேட்டதில்ல."